காலி நாற்காலியை முதலில் நிரப்பியவர்: 1976 குடியரசுக் கட்சிப் போட்டி, ஒரு நிகழ்வு ஆய்வு

கேள்வி

அதிபர் வேட்பாளர் ஆவதற்கான உட்கட்சிப் போட்டியில் பின்தங்கிவிட்ட ஒருவர், மாநாடு கூடும் முன்பே தன் துணை அதிபர் வேட்பாளரை அறிவித்துவிடலாமா? அமெரிக்காவில் சில தேர்தல்களுக்கு ஒருமுறை யாராவது இந்த யோசனையைக் கிளப்புவார்கள். துணிந்து செய்தவர்கள் மிகக் குறைவு. அவர்களில் ரொனால்ட் ரீகன் 1976இல் செய்ததுதான் தொடக்கம் முதல் வாக்கு எண்ணிக்கை வரை முழுதாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் இந்த ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொண்டேன்.

தலைவர்களின் பெயர்கள் பொதுப் பதிவில் உள்ளவை என்பதால் அப்படியே வருகின்றன. மாநாட்டில் கை தூக்கிய பிரதிநிதிகளும் மாநிலக் கட்சிக்காரர்களும் பெயரின்றியே வருவார்கள். ஆனால் எல்லாவற்றையும் முடிவு செய்தவர்கள் அவர்கள்தாம் என்பதை இடையிடையே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னணி

ஜெரால்ட் ஃபோர்டு மக்கள் வாக்களித்து அதிபரானவர் அல்லர். துணை அதிபர் ஆக்னியூ 1973 அக்டோபரில் பதவி விலகியபோது அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார். 1974 ஆகஸ்டில் நிக்சன் விலகியதும் அதிபரானார். நாடு முழுவதும் நடந்த எந்தத் தேர்தலிலும் நிற்காமலேயே வெள்ளை மாளிகைக்குள் வந்துவிட்ட மனிதர். தனக்குத் துணை அதிபராக நெல்சன் ராக்ஃபெல்லரை அமர்த்திக்கொண்டார். கட்சியின் வலதுசாரிகளுக்கு ராக்ஃபெல்லர் பெயரைக் கேட்டாலே எரியும். 1975 நவம்பர் தொடக்கத்தில், அடுத்த தேர்தலில் துணை அதிபர் இடம் தனக்கு வேண்டாம் என்று ராக்ஃபெல்லர் அறிவித்தார். வலதுசாரிகளின் வாயை அடைக்க நடந்த ஏற்பாடு அது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

அன்று காலியான அந்த நாற்காலியை ஃபோர்டு அடுத்த ஒன்பது மாதங்களுக்கு நிரப்பவே இல்லை. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

நவம்பர் 20 அன்று கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் ரீகன் களத்தில் இறங்கினார். மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகளைச் சேர்க்க, மாநிலம் மாநிலமாக முதல்நிலைத் தேர்தல்கள் நடந்தன. நியூ ஹாம்ப்ஷயரில் மயிரிழையில் தோற்றார். ஃபுளோரிடாவும் இல்லினாயும் கைவிட்டுப் போயின. ‘விலகிவிடுங்கள்’ என்று சொந்தக் கட்சிக்காரர்களே சொல்லத் தொடங்கிய நேரத்தில், மார்ச் 23 அன்று வட கரோலினாவில் வென்றார். மே மாதம் டெக்சாஸ் அப்படியே அவர் பக்கம் வந்தது. இண்டியானா, ஜார்ஜியா, அலபாமா தொடர்ந்தன. ஜூன் 8 அன்று கலிஃபோர்னியாவின் 167 பிரதிநிதிகளையும் அவர் அள்ளினார். அதே நாளில் ஒஹாயோவும் நியூ ஜெர்சியும் ஃபோர்டு பக்கம் போயின.

முதல்நிலைத் தேர்தல்கள் முடிந்தபோது இருவருக்குமே பெரும்பான்மை இல்லை. மாநாட்டில் மொத்தம் 2,259 பிரதிநிதிகள். வெல்ல 1,130 பேர் வேண்டும். தங்கள் பிரதிநிதிகளைக் கட்சிக் கூட்டங்கள் வழியாகத் தேர்ந்தெடுக்கும் மாநிலங்களின் வேலையும் ஜூலை நடுவில் முடிந்தது. அதற்குப் பிறகு மிச்சமிருந்தவர்கள் யார் பக்கமும் சேராத நூற்றுச் சொச்சம் பேர்தான். ஒவ்வொருவராகப் போய்ப் பிடிக்க வேண்டிய மதில்மேல் பூனைகள்.

ஜூலை நடுவில் கண்டது

இந்த வகை வேட்டையில் பதவியில் இருப்பவருக்கு உள்ள வசதி வேறு யாருக்கும் கிடையாது. ஃபோர்டு பிரதிநிதிகளுக்குத் தாமே தொலைபேசியில் பேசினார். சிலர் வெள்ளை மாளிகைக்கு வந்து போனார்கள். ஜூலை 4 அன்று, நாட்டின் இருநூறாவது விடுதலை நாளில், நியூயார்க் துறைமுகத்தில் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பாய்மரக் கப்பல்களின் அணிவகுப்பைப் பார்க்கவும் பிரதிநிதிகளுக்கு அழைப்புப் போயிற்று. ஊரில் ஒரு மாவட்டத்தின் கட்சிப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்கு அதிபரே போன் செய்தால் அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

ஃபோர்டுக்காகத் தலை எண்ணியவர் ஜேம்ஸ் பேக்கர். எண்ணிக்கையை ஊதிப் பெருக்க மாட்டார். இன்றைக்கு இத்தனை பேர் என்று சொன்னால் அத்தனை பெயரும் அவர் கையில் இருக்கும். பத்திரிகைகள் அவர் சொல்லும் எண்ணை நம்பத் தொடங்கியிருந்தன. ரீகன் அணியின் எண்ணை அந்த அளவுக்கு நம்பவில்லை.

ரீகனின் பிரசாரத்தை நடத்தியவர் ஜான் சியர்ஸ், வாஷிங்டன் வழக்கறிஞர். அவருடைய பயம் இதுதான்: ஃபோர்டுக்கு இன்னும் சில பத்துப் பேரே தேவை. ஏதாவதொரு பெரிய ஊடகம் ‘ஃபோர்டு 1,130ஐத் தாண்டிவிட்டார்’ என்று எழுதிவிட்டால் கதை அன்றே முடிந்துவிடும். உண்மையில் தாண்டினாரா என்பது அப்போது யாருக்கும் தேவைப்படாது. வெல்பவர் யார் என்று தெரிந்த பிறகு மதில்மேல் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம்தான் குதிப்பார்கள். மாநாட்டுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. சும்மா இருந்தால் அந்த மாதத்துக்குள் நிச்சயம் தோல்வி.

எடுத்த முடிவும் அதன் காரணங்களும்

சியர்ஸின் யோசனை இரண்டு அடிகள் கொண்டது. முதல் அடி, ரீகன் தன் துணை அதிபர் வேட்பாளரை உடனே அறிவிப்பது. இரண்டாவது, மாநாட்டு விதியைத் திருத்தி ஃபோர்டையும் அப்படியே அறிவிக்கச் செய்வது. ஃபோர்டின் காலி நாற்காலியை நம்பிக் குறைந்தது அரை டஜன் தலைவர்களும் அவர்களின் மாநிலங்களும் காத்துக்கிடந்தார்கள். அதில் யார் பெயரை ஃபோர்டு சொன்னாலும் மற்றவர்கள் ஏமாறுவார்கள். ஏமாந்தவர்களில் சிலராவது ரீகன் பக்கம் வரக்கூடும்.

தாளில் படிக்கும்போது அழகான திட்டம். இப்போது படித்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது.

யாரை அறிவிப்பது? தெற்கும் மேற்கும் ரீகனுடையவை. ஆள் தேவைப்பட்டது வடகிழக்கில். பென்சில்வேனியாவுக்கு 103 பிரதிநிதிகள். அங்கே ஏப்ரலில் நடந்த முதல்நிலைத் தேர்தலின் வாக்குச்சீட்டில் ரீகனின் பெயரே இல்லை. அதனால் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் ஃபோர்டு பக்கம் இருந்தார்கள், ஆனால் சட்டப்படி கட்டுண்டவர்கள் அல்லர். அந்த மாநிலத்தின் செனட்டர் ரிச்சர்ட் ஷ்வைக்கரின் பெயர் முன்வந்தது. செனட்டில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் நெவாடாவின் பால் லக்சால்ட், ரீகன் பிரசாரக் குழுவின் தலைவர். தினமும் அருகருகே உட்கார்ந்து பேசிப் பழகியதில் மனிதர் நல்லவர் என்ற நம்பிக்கை லக்சால்டுக்கு உண்டு. பேச்சு தொடங்கியது அப்படித்தான்.

ஷ்வைக்கரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கருக்கலைப்பை எதிர்த்தவர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டையும் எதிர்த்தவர். ஆனால் பொருளாதார விஷயங்களில் தொழிற்சங்கங்கள் மெச்சும் அளவுக்கு வாக்களித்து வந்தவர். கட்சியின் தாராளவாத அணியில் அவரை எல்லோரும் எண்ணினார்கள். அதுவரை ஃபோர்டு ஆதரவாளராகவும் இருந்தார். இன்னொரு சங்கடமும் இருந்தது. கொள்கையில் எதிர்ப்பக்கத்து ஆளைத் துணையாகச் சேர்த்து வாக்கு வாங்கும் பழைய வழக்கம் தனக்கு உடன்பாடில்லை என்று ரீகன் முன்பு சொல்லியிருந்தார்.

ஜூலை 24 அன்று இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸில் சந்தித்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துப்போனது. இரண்டே நாளில், ஜூலை 26 திங்கட்கிழமை, அறிவிப்பு வெளியானது.

அறிவிப்புக்கு முன் செய்யாமல் விட்ட ஒரு வேலையை இங்கே எழுதிவைக்க வேண்டும். பென்சில்வேனியாவின் 103 பேரில் ஷ்வைக்கருக்காக நகர்வோர் யார் யார் என்று பெயர் பெயராக யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ‘என் மாநிலத்திலிருந்து ஆட்களைக் கொண்டுவர முடியும்’ என்ற நம்பிக்கையை எல்லோரும் எண்ணிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். ரகசியம் காக்க வேண்டியிருந்தது உண்மை. பத்துப் பேரிடம் கேட்டிருந்தால் மறுநாள் காலை செய்தித்தாளில் வந்திருக்கும். ஆனால் ஒரே ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம். அவரைப் பற்றிப் பிறகு.

முதல் மூன்று நாட்கள்

தெற்கில் செய்தி இடிபோல விழுந்தது. ரீகனுக்காக ஓராண்டாக வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் தொலைபேசியை எடுத்து முதலில் கேட்ட கேள்வி: “இது உண்மையா?” வட கரோலினா வெற்றிக்கு முதுகெலும்பாக இருந்த செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் அதிர்ந்துபோனார். வலதுசாரிகளில் ஒரு பிரிவு ரீகனையும் விட்டுவிட்டு, நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லியின் பெயரை முன்வைக்கலாமா என்று பேசத் தொடங்கியது.

ஜூலை 27 அன்று டெக்சாஸின் முன்னாள் ஆளுநர் ஜான் கானலி ஃபோர்டுக்கு ஆதரவை அறிவித்தார். அதுவரை யாருக்கும் பிடி கொடுக்காமல் இருந்தவர். ரீகனின் கோட்டையான தெற்கிலிருந்தே வந்த அடி அது.

அடுத்தது மிசிசிப்பி. அதன் 30 பிரதிநிதிகளையும் ரீகன் அணி கிட்டத்தட்ட சொந்தமாகவே எண்ணி வைத்திருந்தது. மாநிலக் கட்சித் தலைவரும் கொள்கையளவில் ரீகன் பக்கத்து ஆள்தான். ஷ்வைக்கர் அறிவிப்பு வந்த இரண்டு மூன்று நாட்களில் அவர் ஃபோர்டு பக்கம் போனார்.

அவர் மனமாற்றத்துக்கு ஷ்வைக்கர்தான் உண்மையான காரணமா, அல்லது ஏற்கெனவே தளர்ந்திருந்த மனதுக்குக் கிடைத்த கௌரவமான சாக்கா என்பதைப் பற்றி அன்றும் வாதம் நடந்தது. என் கணிப்பு, இரண்டாவதுதான் அதிகம் உண்மை. வெள்ளை மாளிகையின் தொலைபேசி பல வாரங்களாக ஒலித்துக்கொண்டிருந்தது. அழைப்புகளுக்கு மயங்கித்தான் மாறினேன் என்று யாரும் ஊரில் சொல்ல முடியாது. ‘தாராளவாதியைச் சேர்த்துக்கொண்டார், அதனால் மாறினேன்’ என்றால் தலை நிமிர்ந்து சொல்லலாம். ரீகன் அந்தச் சாக்கை வலியப்போய்க் கொடுத்தார்.

பென்சில்வேனியாவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஃபோர்டு அணியை நடத்தியவர் டிரூ லூயிஸ், ஷ்வைக்கரின் நெடுநாள் நண்பர். ஷ்வைக்கரின் தேர்தல் வேலைகளைப் பார்த்தவர். நண்பர் கூப்பிட்டால் வந்துவிடுவார் என்பது எதிர்பார்ப்பு. லூயிஸ் மறுத்தார். ஃபோர்டுக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்றார். அவர் நகராதபோது அவருக்குக் கீழே இருந்தவர்களும் நகரவில்லை.

பறக்கிறதைப் பிடிக்கப்போய் இருக்கிறதை விட்ட கதை என்று அந்த வாரமே பலரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

ஆனால் சியர்ஸ் விரும்பிய ஒன்று நடந்தது. எல்லாப் பத்திரிகைகளும் தலை எண்ணுவதை விட்டுவிட்டு ஷ்வைக்கரைப் பற்றி எழுதின. ‘ஃபோர்டு தாண்டிவிட்டார்’ என்ற தலைப்பு வரவே இல்லை. இன்னும் ஏதாவது நடக்கலாம் என்ற எண்ணம் மாநாடு வரை உயிரோடு இருந்தது. பின்னாட்களில் சியர்ஸ் தன் முடிவுக்குச் சொன்ன நியாயமும் இதுதான். அதை வெறும் சப்பைக்கட்டு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

ஆகஸ்டு: ஜாக்சன் நகரில் நடந்த இழுபறி

மிசிசிப்பியில் ஒரு வழக்கம் உண்டு. 30 பிரதிநிதிகளும் 30 மாற்றுப் பிரதிநிதிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். பெரும்பான்மை எந்தப் பக்கமோ, முப்பது வாக்கும் அந்தப் பக்கம். அதாவது அறுபது பேரில் ஒருவர் கூடுதலாகச் சாய்ந்தால் முப்பது வாக்கு கைமாறும். இப்படிப்பட்ட ஊரை யார் விடுவார்கள்? ஜூலை இறுதியில் ஃபோர்டு தாமே அந்த மாநிலத்தின் தலைநகரான ஜாக்சனுக்குப் போனார். சில நாட்களில் ரீகனும் ஷ்வைக்கரோடு போய் நின்றார்.

தெற்கத்திக் கட்சிக்காரர்கள் நிறைந்த அறையில் பென்சில்வேனியாவின் தாராளவாத செனட்டர் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பொறுமையாகவே சொன்னார். அவரை நேரில் பார்த்த பிறகு கோபம் கொஞ்சம் தணிந்ததாகவே தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்டின் தொடக்கத்தில், மாநாட்டுக்கு இரண்டு வாரமே இருக்கும்போது, ரீகன் தனக்குச் சொந்தமான இடத்தில் நின்று தன்னிலை விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். மதில்மேல் இருந்தவர்களைப் பார்க்கச் செலவிட வேண்டிய நாட்கள் அவை.

இதே வாரங்களில் ஃபோர்டு அணி என்ன செய்தது? துணை அதிபராக யாரைப் போடலாம் என்று பிரதிநிதிகளிடமே யோசனை கேட்டது. கேட்டதற்குச் செலவில்லை. பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் அந்த நாற்காலியில் தனக்கும் ஒரு பங்கு இருப்பதாகத் தோன்றியிருக்கும். காலியாக இருந்த நாற்காலி ஃபோர்டுக்காக வேலை செய்தது. ரீகனின் நாற்காலி நிரம்பிவிட்டதால் அதைக் காட்டி இனி யாரையும் கூப்பிட முடியாது.

16-சி

மாநாடு ஆகஸ்டு 16 அன்று மிசோரி மாநிலத்துக் கேன்சஸ் சிட்டியின் கெம்பர் அரங்கில் தொடங்கியது. திட்டத்தின் இரண்டாம் அடியை வைக்கும் நேரம். அதிபர் வேட்பாளருக்கான வாக்கெடுப்பு நடக்கும் நாளில் காலை ஒன்பது மணிக்குள் ஒவ்வொரு போட்டியாளரும் தன் துணையின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று ரீகன் அணி ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மாநாட்டு விதிகளில் அது 16-சி. தான் துன்பப்படும்போது துணைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று ஃபோர்டு தரப்பு கேலி செய்தது.

கேலிக்குள் ஒரு கூர்மையும் இருந்தது. ரீகன் ஏற்கெனவே அறிவித்துவிட்டதால், இந்த விதி ஒரே ஒருவரை மட்டும் கட்டுப்படுத்தும் என்பது அரங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பொது நியாயம் போல உடுத்தி வந்த ஒரு தந்திரம். நடுவில் நின்றவர்கள் அதற்காக மனம் இரங்கக் காரணமே இல்லை.

ரீகன் அணிக்குள்ளேயே வேறொரு குரல் எழுந்தது. விதியைப் பற்றிச் சண்டை போடாமல் கொள்கையைப் பற்றிப் போடலாம் என்றார்கள். ஃபோர்டின் வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிஞ்சரின் கொள்கையைச் சாடும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தால் தெற்கத்திப் பிரதிநிதிகள் ஃபோர்டுக்கு எதிராக வாக்களிக்கத் தயங்க மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். வெளியுறவில் அறம் பற்றிய ஒரு பத்தி கட்சி அறிக்கைக்கு உண்மையிலேயே முன்மொழியப்பட்டது. ஃபோர்டு தரப்பு பல்லைக் கடித்துக்கொண்டு அதை எதிர்ப்பின்றி ஏற்றது. சண்டையே நடக்கவில்லை. மிஞ்சிய ஒரே பலப்பரீட்சை 16-சி.

ஆகஸ்டு 17 இரவு வாக்கெடுப்பு நடந்தது. அரங்கில் காது கிழிந்தது. டெக்சாஸ்காரர்கள் ‘விவா!’ என்று கத்த, கலிஃபோர்னியாக்காரர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து ‘ஓலே!’ என்று பதில் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் ஊதுகுழல்கள் ஓயவில்லை. துணை அதிபர் ராக்ஃபெல்லர் ஒருவர் கையிலிருந்த ரீகன் பதாகையைப் பறித்துவிட்டார். பதிலுக்கு இன்னொருவர் நியூயார்க் அணியின் தொலைபேசியை வயரோடு பிடுங்கி எறிந்தார். நாட்டின் துணை அதிபர் அறுந்த தொலைபேசியைத் தூக்கிக் கேமராக்களுக்குக் காட்டிக்கொண்டு நின்ற காட்சியைத் தொலைக்காட்சி பார்த்தவர்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

மிசிசிப்பி தன் முறை வந்தபோது பிறகு சொல்கிறோம் என்று ஒதுங்கியது. ஃபுளோரிடா சொன்ன எண்ணிக்கையோடு விஷயம் முடிந்தது. கடைசியில் மிசிசிப்பியின் முப்பதும் எதிர்ப்பாகவே விழுந்தன. திருத்தத்துக்கு ஆதரவு 1,069. எதிர்ப்பு 1,180.

வாக்கெடுப்பு

மாநாட்டு நாட்களில், தன்னால்தான் தெற்கு வழுக்குகிறது என்றால் தான் விலகிக்கொள்வதாக ஷ்வைக்கர் சொன்னார். ரீகன் ஏற்கவில்லை. அரசியல் கணக்கின்படி அது சரியா என்பதை விட்டுவிடுகிறேன். அந்த ஒரு மாதத்தில் ரீகன் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

மறுநாள் இரவு தொடங்கி நள்ளிரவைத் தாண்டி நீண்ட வாக்கெடுப்பில் ஃபோர்டு 1,187, ரீகன் 1,070. ஃபோர்டை 1,130ஐத் தாண்டவைத்தது மேற்கு வர்ஜீனியா. பென்சில்வேனியா கொடுத்தது ஃபோர்டுக்கு 93, ரீகனுக்கு 10. மிசிசிப்பி இந்த முறை ஒரே கட்டாக நிற்கவில்லை. இரண்டாகப் பிரிந்து வாக்களித்தது.

16-சியில் விழுந்த 1,069ஐயும் வேட்பாளர் வாக்கெடுப்பில் விழுந்த 1,070ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். விதி பற்றிய வாக்கெடுப்பில் நடுநிலையாளர் பலர் வேறு காரணத்துக்காகத் தங்களோடு சேர்வார்கள் என்றுதான் ரீகன் அணி எதிர்பார்த்தது. நிகரக் கணக்கில் யாரும் சேரவில்லை. அது வேட்பாளர் வாக்கெடுப்பின் ஒத்திகையாகவே முடிந்தது.

வென்ற ஃபோர்டு, காலி நாற்காலிக்கு ஆள் தேட அந்த இரவு முழுவதும் உட்கார்ந்தார். காலையில் கேன்சஸ் செனட்டர் பாப் டோலின் பெயர் வந்தது. நவம்பரில் ஃபோர்டு ஜிம்மி கார்ட்டரிடம் தோற்றார்.

கணக்குப் பார்த்தால்

வெற்றிக்கு ரீகனிடம் இல்லாமல் போனது 60 வாக்கு. மிசிசிப்பி முழுதாக வந்திருந்தாலும் போதாது. 16-சியிலும் அந்த முப்பதை இந்தப் பக்கம் மாற்றிப் போட்டால் 1,150க்கு 1,099; அப்போதும் தோல்விதான். ஆகவே ‘ஷ்வைக்கரால் மிசிசிப்பி போனது, மிசிசிப்பியால் எல்லாம் போனது’ என்று இன்றுவரை சொல்லப்படும் கதை எண்களோடு ஒத்துவரவில்லை.

பென்சில்வேனியாவில் ஃபோர்டுக்கு விழுந்த 93இல் 60 பேர் மாறியிருந்தால் ரீகனுக்குச் சரியாக 1,130. அதாவது சூதாட்டத்தின் இலக்கு தவறானதல்ல. பூட்டு இருந்த இடத்தைச் சியர்ஸ் சரியாகக் கண்டுபிடித்தார். சாவி தன் கையில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்காமலேயே ஊரைக் கூட்டிவிட்டார்.

முன்கூட்டி அறிவித்ததால் வந்த லாபம் மூன்று வாரக் காலம். நஷ்டம், சொந்த ஆட்களின் மனம். அவசரச் சிகிச்சையாகப் பார்த்தால் நோயாளி மூன்று வாரம் கூடுதலாக உயிரோடு இருந்தார் என்று எழுதலாம். அந்த மூன்று வாரத்தில் கொடுக்க வேறு மருந்து கையில் இருக்கவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, ஏழு நாட்கள்

இதே உத்தி 2016இல் திரும்பி வந்தது. இதை விரிவாக எழுத அதிகம் இல்லை. ஏப்ரல் 26 அன்று டொனால்ட் டிரம்ப் பென்சில்வேனியா உட்பட ஐந்து வடகிழக்கு மாநிலங்களையும் வென்றார். வெல்லத் தேவையான 1,237 பிரதிநிதிகளை மாநாட்டுக்கு முன் எட்ட, அவருடைய உட்கட்சிப் போட்டியாளர் டெட் குரூஸுக்குக் கணக்குப்படி வழியே இல்லாமல் போயிருந்தது. மறுநாளே குரூஸ் இண்டியானாபொலிஸ் மேடையில் கார்லி ஃபியோரினாவைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். கணினி நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், பிப்ரவரியிலேயே போட்டியிலிருந்து விலகியவர். குரூஸின் மகள்களுக்காகத் தான் வழக்கமாகப் பாடும் ஒரு சிறு பாட்டை அந்த மேடையிலேயே அவர் பாடிக் காட்டினார்.

ஷ்வைக்கருக்குப் பின்னால் 103 பேர் இருப்பதாகவாவது ஒரு நம்பிக்கை இருந்தது. ஃபியோரினா தன் போட்டிக் காலத்தில் சேர்த்திருந்த பிரதிநிதி ஒரே ஒருவர். அவர் கலிஃபோர்னியாவில் உதவுவார் என்பது கணக்கு என்றால், கலிஃபோர்னியா ஜூன் 7 அன்றுதான் வாக்களிக்கும். நடுவில் இண்டியானா இருந்தது. மே 3 அன்று டிரம்ப் அங்கே 53 விழுக்காடு வாக்கோடு 57 பிரதிநிதிகளையும் எடுத்துக்கொண்டார். அன்றிரவே குரூஸ் விலகினார். அந்த ஜோடி ஏழு நாள் நீடித்தது.

ஒரு வித்தியாசம் குரூஸுக்குச் சாதகம்: அவருடைய அறிவிப்பால் சொந்த ஆட்கள் யாரும் ஓடவில்லை. இழக்க ஒன்றும் இல்லாத இடத்தில் நின்று செய்த அறிவிப்பு. அதனாலேயே பெற்றதும் ஒன்றும் இல்லை.

மறுபடி செய்தால் எதை மாற்றுவது

பின்தங்கியவர் முன்கூட்டி அறிவிப்பதே தவறு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்த வேறு கருவி இல்லாதவர் இதை எடுத்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் 1976இல் எந்த இடத்தில் கை வைத்திருக்கலாம் என்பது தெளிவாகவே தெரிகிறது.

அறிவிப்புக்கு முன்பே தெற்கின் மாநிலத் தலைவர்கள் எல்லோரையும் ரீகன் தம் வாயால் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்ட அவமானமாவது மிஞ்சியிருக்காது. 

16-சியை அறிவிப்போடு சேர்த்தே பேசியிருக்கலாம். ஜூலை 26 அன்றே ‘நான் சொல்லிவிட்டேன், அதிபர் எப்போது சொல்வார்?’ என்று தொடங்கி மூன்று வாரமும் அதையே நாடெங்கும் கேட்டிருந்தால், மாநாட்டில் அது தந்திரமாகத் தெரியாமல் மக்கள் கேட்டுச் சலித்த கேள்வியாகத் தெரிந்திருக்கும். ரீகன் அந்த மூன்று வாரத்தையும் ஷ்வைக்கரை நியாயப்படுத்துவதிலேயே கரைத்தார்.

ரீகனே இதிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டாரா என்றால், 1980இல் அவர் நடந்துகொண்ட விதம் பதில் சொல்கிறது. முன்னணியில் இருந்த அந்த முறை, டெட்ராய்ட் மாநாட்டில் தான் வேட்பாளராகும் இரவு வரை நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார். ஃபோர்டோடு பேசினார், அது கைகூடாதபோதுதான் ஜார்ஜ் புஷ்ஷைக் கூப்பிட்டார். சியர்ஸை நியூ ஹாம்ப்ஷயர் தேர்தல் நாளன்றே வேலையிலிருந்து நீக்கிவிட்டிருந்தார்.

கடைசியாக, முன்பு சொன்ன அந்த ஒருவர். டிரூ லூயிஸ். அவர் மறுப்பார் என்று ஜூலை 24க்குள் தெரிந்திருந்தால் வேறு மாநிலம், வேறு செனட்டர் என்று தேட இன்னும் மூன்று வாரம் இருந்தது. நண்பரிடம் ஷ்வைக்கர் அறிவிப்புக்கு முன்பே மனம் விட்டுப் பேசியிருந்தால் போதும். 1981 ஜனவரியில் ரீகன் அமைத்த முதல் அமைச்சரவையில் ஷ்வைக்கருக்குச் சுகாதாரத் துறை கிடைத்தது. போக்குவரத்துத் துறை லூயிஸுக்கு.